விண்வெளியில் செம்பனை நட விரும்பும் சிறுவன்

கேள்வி: எங்கள் வீடு சுங்கை சிப்புட்டுக்கு அருகில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி உள்ளது. என் கணவர் குலை வெட்டும் வேலை செய்கிறார். பாலர் பள்ளிக்குச் செல்லும் எங்கள் ஆறு வயது மகன், விண்வெளியில் தோட்டம் போடப்போவதாக நாள்தோறும் சொல்கிறான். அங்கே செடிக்குத் தொட்டி வேண்டாமாம், மிதந்துகொண்டே வளருமாம். தண்ணீரை உருண்டையாக வேரருகே விட்டுவிட்டால் வேண்டியபோது அதுவே குடித்துக்கொள்ளுமாம். செம்பனைக் குலையும் அப்பாவின் தலைமேல் விழாதாம். “வாய்க்கு வந்ததையெல்லாம் பேசவிடாதே” என்று பாட்டி என்னைக் கடிந்துகொள்கிறார். நான் அவனைத் திருத்த வேண்டுமா?
– ஒரு தாய், பேராக்

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் மகன் சொல்லும் மூன்றும் விண்வெளி அறிஞர்கள் உண்மையாகவே தலையைப் பிய்த்துக்கொண்ட செய்திகள். அவற்றைப் பேச்சாக அல்லாமல் கேள்வியாக எடுத்துக்கொண்டு விடை சொல்லுங்கள்.

அனைத்துலக விண்வெளி நிலையத்தில் தண்ணீர் அவன் சொல்வதைப் போலவே உருண்டையாகத்தான் மிதக்கும். ஆனால் அது வேரைத் தொட்டதும், கீழே வடிந்துபோக வழியில்லாமல் வேரைச் சுற்றிப் போர்வைபோல ஒட்டிக்கொள்வதால், வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் செடி மூச்சுத் திணறும். அதனால்தான் நாசாவின் ‘வெஜ்ஜி’ என்னும் செடிப்பெட்டியில் தொட்டிக்குப் பதிலாக, நுண்துளைகள் உள்ள சுட்ட களிமண் துகள்களை நிரப்பிய சிறு பைகளில் விதையை ஊன்றி, திரி வழியாக நீரைக் கசியவிடுகிறார்கள். அப்படியும் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்த சினியா என்னும் பூச்செடிகளில் ஈரம் மிகுந்து பூஞ்சை பிடித்தது. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, அட்டவணையை விட்டுவிட்டு, இலையின் நிலையைக் கண்ணால் பார்த்து நீர்விடத் தொடங்கினார். 2016 ஜனவரியில் பூ மலர்ந்தது. அதற்கு முன்பே, 2015 ஆகஸ்டில், வீரர்கள் தாங்கள் அங்கு வளர்த்த சிவப்பு லெட்டூஸ் கீரையை உண்டுவிட்டார்கள். 2021-இல் மிளகாயும் காய்த்தது. இந்தியா அனுப்பிய காராமணி விதைகள் 2025 ஜனவரியில் புவியைச் சுற்றியவாறே நான்கு நாளில் முளைவிட்டன என்பதை, அதைக் குழம்பு வைக்கும் பாட்டியிடமும் சொல்லலாம்.

குலை பற்றிய எண்ணத்தில்தான் நீங்கள் அதிகம் நிற்க வேண்டும் என்று கருதுகிறேன். நிலையத்தில் வெட்டிய குலை விழாமல் மிதக்கும்; நிலவில் விழும், ஆனால் மெதுவாக. நிலவின் ஈர்ப்பு பூமியுடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே என்பதால், பத்து மீட்டர் உயரத்திலிருந்து இங்கே ஒன்றரை நொடிக்குள் தரைக்கு வரும் குலை, அங்கே வந்துசேர மூன்றரை நொடியாகும்; அப்பா விலகி நிற்க நேரம் கிடைக்கும். 2019-இல் சீனாவின் சாங்'இ-4 கலம் நிலவுக்குக் கொண்டுசென்ற பருத்தி விதை மூடிய கலனுக்குள் முளைத்து, நிலவின் கடுங்குளிர் இரவில் மடிந்துபோனது. எனவே அவனுடைய தோட்டத்துக்கு முதலில் கதகதப்பான வீடு ஒன்று வேண்டும். ஆனால் இந்தக் கணக்குகளுக்கு முன்னால், அப்பாவின் தலைமேல் குலை விழுந்துவிடுமோ என்ற அச்சம் பிள்ளையின் மனத்தில் இருக்கிறது. எங்கே நின்று வெட்டுகிறார், எந்தப் பக்கம் விலகுகிறார், தலைக்கவசம் எப்படிக் காக்கிறது என்பதை உங்கள் கணவரே ஒரு மாலை அவனுக்கு நடித்துக் காட்டட்டும்.

தொட்டி வேண்டாம் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். பச்சைப்பயறு நான்கைந்தை ஈரத்தாளுடன் கண்ணாடிப் புட்டியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்; வேர்விட்டதும் புட்டியைப் படுக்கப்போடுங்கள். வேர்நுனியில் உள்ள மாவுத் துகள்கள் கீழே படிந்து திசை காட்டுவதால், ஓரிரு நாளில் வேர் மீண்டும் தரையை நோக்கி வளைவதை அவன் காண்பான். நிலையத்தில் அத்துகள்கள் படியாமையால் வேருக்குக் கீழ், மேல் தெரியாது. அங்கே செடிக்கு ஒளிதான் பெரிதும் வழிகாட்டி. இதனால் புட்டியை வெளிச்சம் படாத அலமாரியிலேயே வையுங்கள். சன்னலோரம் வைத்தால் தண்டு ஒளியைத் தேடிச் சாய்ந்து, எது ஈர்ப்பின் வேலை, எது ஒளியின் வேலை என்று அவனால் பிரித்தறிய முடியாமல் போய்விடும்.