காலைக் குளிர்ல கார் ஸ்டார்ட் ஆகல, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சர மாத்தணுமா?

பண்டாரவளையில இருந்து கேட்டிருக்கீங்க. காலையில நாலஞ்சு தடவை அடிச்சாதான் கார் ஸ்டார்ட் ஆகுது, கொழும்புக்கு எறங்கினா ஒரே அடியில புடிச்சிக்குது, செக் எஞ்சின் லைட்டும் எரியல, கராஜ்ல சென்சர் போயிருச்சுன்னு சொல்றாங்க, மாத்தவான்னு.

உடனே மாத்தாதீங்க. நான் தலவாக்கலையில வாடகைக்கு கார் ஓட்றேன், இதே பிரச்சினை என் வண்டிக்கும் வந்திச்சு, புது சென்சருக்கு சல்லி குடுத்து மாத்தினேன், மறுநாள் காலையில ஒரு அம்மாவ நுவரெலியாவுக்கு கிளினிக் கூட்டிட்டு போகணும், அவங்க குளிர்ல சால்வைய போத்திக்கிட்டு ரோட்டோரமா நிக்கிறாங்க, வண்டி சுத்துதே தவிர புடிக்கவே இல்ல. அன்னைக்கு பட்ட கஷ்டத்துல தான் இத ஒழுங்கா கத்துக்கிட்டேன்.

மொதல்ல ஸ்டார்ட்டர் சத்தத்த கேளுங்க. இழுத்து இழுத்து மெதுவா சுத்தினா அது பேட்டரி, குளிர்ல பேட்டரி பலம் கொறையும். நல்லா வேகமா சுத்தியும் புடிக்கலன்னா மட்டும் கீழ இருக்கறத பாருங்க.

கூலன்ட்டோட, அதாவது எஞ்சின ஆத்துற தண்ணியோட சூட்ட அளக்கற அந்த சென்சர் குளிர்ல ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூட காட்டும், சூடாக சூடாக கொறையும். நெறைய ஜப்பான் கார்ல 20 டிகிரில 2ல இருந்து 3 கிலோ ஓம் வரைக்கும் இருக்கும், 80 டிகிரிக்கு போகும்போது 300 ஓம் கிட்ட வந்துரும். அத பாத்துத்தான் இசியூ, அதாவது எஞ்சினோட கம்ப்யூட்டர், எவ்வளவு பெட்ரோல் ஊத்தணும்னு முடிவு பண்ணுது, எஞ்சின் குளிர்ந்து கெடந்தா கூட ஊத்தணும். எஞ்சின் ஏற்கனவே சூடா இருக்குன்னு சென்சர் பக்கம் இருந்து பொய் கணக்கு போனா பெட்ரோல் பத்தாது. கொழும்புல காலையிலேயே 25 டிகிரிக்கு கிட்ட இருக்கறதால அந்த பொய்ய வண்டி சமாளிச்சிக்கும், நம்ம பக்கம் ஜனவரில விடியக்காலை 10 கிட்ட வரைக்கும் எறங்கும், நுவரெலியாவுல சில நாள் புல்லு மேல உறைபனியே விழும், அங்க சமாளிக்க ஏலாது.

இதுல ஒண்ணு, சோதிச்சு பாக்க நம்ம குளிர்தான் ரொம்ப வசதி. ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டில, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவிய மட்டும் ஆன்ல போட்டு ஓபிடி ஸ்கேனர்ல (இசியூல இருக்கற நம்பர படிச்சு காட்டற கருவி) கூலன்ட் சூட்டையும் உள்ள போற காத்தோட சூட்டையும் பாருங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், மிஞ்சிப்போனா ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம். என் வண்டில காத்து 11, கூலன்ட் 41! ராத்திரி பூரா பனியில நின்ன எஞ்சின் எப்படிங்க 41 இருக்கும்?

அப்புறம் சாவிய ஆஃப் பண்ணி, சென்சர்ல இருந்து கனெக்டர கழட்டிட்டு, திரும்ப ஆன் பண்ணுங்க. ஸ்கேனர் மைனஸ் 40 காட்டணும். இதுனால செக் லைட் எரியலாம், பயப்பட வேணாம், பிறகு அழிச்சிக்கலாம். எனக்கு மைனஸ் 40க்கு போகல, 30 கிட்டயே நின்னுச்சு. சென்சரே இல்லாம 30 காட்டுதுன்னா தப்பு சென்சர்ல இல்ல, கனெக்டர்லயோ ஒயர்லயோதான்.

டார்ச் அடிச்சு பாத்தேன். ரெண்டு பின்னுக்கும் நடுவுல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்த மாதிரி ஒட்டியிருந்திச்சு, விரல வச்சா பிசுபிசுன்னு ஈரம். பழைய சென்சர் உடம்பு வழியா கூலன்ட் கசிஞ்சு கனெக்டருக்குள்ள எறங்கி, ரெண்டு பின்னுக்கும் நடுவுல கரண்ட் கள்ளத்தனமா போக வழி பண்ணி வச்சிருக்கு. எஞ்சின் சூடான பிறகு சென்சரோட ரெசிஸ்டன்ஸே கொறைஞ்சிடுறதால இந்த கசிவு பெருசா தெரியாது, அதனாலதான் மத்தியானம் கராஜுக்கு கொண்டு போனா எல்லாம் சரியா காட்டுது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு நல்லா காய வச்சு மாட்டினேன். மறுநாள் காலையில காத்து 11, கூலன்ட் 12, ஒரே அடியில ஸ்டார்ட்.

லைட் ஏன் எரியலன்னா, ஒயர் அறுந்தா பி0118, ஷார்ட் ஆனா பி0117ன்னு இசியூல பிழை கோட் விழும், ஆனா 41ங்கறது நடக்கக்கூடிய நம்பர்தானே, இசியூ நம்பிரும்.

காலையில ரெண்டு நம்பரும் ஒத்துப்போகாம, ஆனா கனெக்டர கழட்டினதும் உங்களுக்கு மைனஸ் 40 ஒழுங்கா வந்தா, கனெக்டரோட ரெண்டு ஓட்டையையும் ஒரு சின்ன ஒயரால சேருங்க, 120க்கு மேல போகணும். அதுவும் சரின்னா சென்சர்தான், தாராளமா மாத்துங்க. எஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் கழட்டணும், மாத்தினதும் கூலன்ட் மட்டத்தையும் பாருங்க, கொறைஞ்சிருந்தா சென்சர் முனை காத்துல நின்னு கண்டபடி காட்டும். ஆத்துத்தண்ணி ஊத்தாதீங்க, துரு புடிக்கும்.

லபுக்கலையில இருந்து றம்பொடைக்கு கியர்ல எறங்கும்போது சூடு 60க்கெல்லாம் எறங்கினா சென்சர சந்தேகப்படாதீங்க, அனேகமா தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்கு கூலன்ட் போறத தெறந்து மூடுற வால்வு) தெறந்தபடியே சிக்கியிருக்கும், அதுக்கு பி0128ன்னு வேற கோட் இருக்கு.

நாளைக்கு விடிய சாவிய போட்டு அந்த ரெண்டு நம்பரையும் பாத்து இங்க எழுதுங்க, மிச்சத்த பேசிக்கலாம்.