மழைக்கு முன்னால் எத்தனை கேன் வாங்கி வைக்கலாம், டாக்டர்?

கேள்வி: வேளச்சேரியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், மாமனார், மாமியார், ஆறு வயதுப் பையன், எட்டு மாதக் கைக்குழந்தை என ஆறு பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கரண்ட் இல்லை, கேன் தண்ணீரும் வரவில்லை. சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் புகுந்துவிட்டது. இந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்பே குடிதண்ணீர் சேர்த்து வைக்க நினைக்கிறேன். எவ்வளவு வேண்டும், எதில் வைக்கலாம், எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? ஆர்.ஓ. தண்ணீரைச் செம்புக் குடத்தில் பிடித்து வைத்தாலே போதும் என்கிறார் மாமனார். மாமியாருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்திருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். அதையும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.
வாசகி, சென்னை

பதில்: கணக்கை முதலில் முடித்துவிடலாம். குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க, கை கழுவ எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 72 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. பேரிடர் கால வழிகாட்டுதல்களில் பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்சம் இந்த மூன்று நாள்தான். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது போதாது என்பது என் எண்ணம். ஐந்து நாளைக்கு ஆறு கேன் வைத்துக்கொள்ளுங்கள். குளியல், பாத்திரம், கழிப்பறைக்கான தண்ணீர் இதில் சேராது.

ஆறு கேனா என்று மலைக்க வேண்டாம். புரட்டாசியிலேயே தொடங்கி, வழக்கமாக வாங்குவதோடு வாரம் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். பழைய தேதி போட்டதை முதலில் எடுத்துக் குடியுங்கள், புதிதாக வந்ததைப் பின்வரிசைக்குத் தள்ளுங்கள். தை பிறந்ததும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடலாம். நிரப்பிய தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லாத கேன் வேண்டாம். பால்கனியில் அடுக்காதீர்கள்; வெயில் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்துக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. அந்த நெடி பிளாஸ்டிக்கை ஊடுருவித் தண்ணீரில் இறங்கும்.

இனி மாமனார் சொன்னதற்கு வருகிறேன். ஆர்.ஓ. தண்ணீர்தான் சுத்தமானது, அதனால் அதுதான் நெடுநாள் தாங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறானது. தண்ணீர் பாலைப் போலத் தானாகத் திரிந்துபோவதில்லை. அதைக் கெடுப்பது சரியாகக் கழுவாத பாத்திரமும், மூடியைத் திறந்து சொம்பை விட்டு மொள்ளும் கையும்தான். மெட்ரோ வாட்டரில் அடிக்கும் குளோரின் வாடையைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். ஆனால், குழாயைத் தாண்டி உங்கள் குடத்துக்கு வந்த பிறகும் தண்ணீருக்குக் காவல் இருப்பது அந்த மிச்சக் குளோரின்தான். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால்கூட, விரல் வழியாக விழும் கிருமிகளை ஓரளவு சமாளித்துவிடும். ஆர்.ஓ. இயந்திரத்தில் உள்ள கரி வடிகட்டி முதல் வேலையாக அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சவ்வு குளோரினைத் தாங்காது. ஆக, இயந்திரத்திலிருந்து இறங்கும்போது தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, காவல்தான் இல்லை. அன்றன்றைக்குப் பிடித்துக் குடிக்கலாம். ஐந்து நாள் வைத்திருக்க அது தோதான தண்ணீர் அல்ல. கரண்ட் போனால் இயந்திரமும் நின்றுவிடும்.

வீட்டில் பிடித்துத்தான் வைப்பேன் என்றால், வாய் குறுகிய, இறுக மூடும் பாத்திரம் வேண்டும். அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் எல்லாவற்றையும்விட நல்லது, யாரும் உள்ளே கை விட முடியாது. அது இல்லையென்றால் நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். எண்ணெய் டின், பால் கேன், பெயின்ட் டப்பா எதையும் எவ்வளவு தேய்த்தாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மருந்துக்கடையில் குளோரின் மாத்திரை கேட்டு வாங்குங்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அட்டையில் இருப்பதைப் படித்து, அந்த அளவில் போட்டு, அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். துணி வெளுக்கவும் தரை துடைக்கவும் விற்கும் வாசனைத் திரவங்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அமெரிக்காவில், வீட்டில் பிடித்து அடைத்த தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று அவர்களுடைய நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. நம் ஊர்த் தண்ணீரையும் வெயிலையும் பார்த்தால் மாதம் ஒருமுறை மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

செம்புக் குடத்தைப் பொறுத்தவரை மாமனார் சொல்வதில் பாதி சரி. இரவு முழுக்கச் செம்பில் வைத்த தண்ணீரில் சில வகை பாக்டீரியாக்கள் அழிவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால், சாக்கடை கலந்த வெள்ளக் காலத் தண்ணீரைச் செம்பை நம்பிக் குடிக்க முடியாது. நாள் கணக்கில் தேக்கி வைத்தால் செம்பும் கரைந்து ஏறும். படிகாரம், தேத்தாங்கொட்டை இரண்டும் கலங்கலை அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த பிறகு கொதிக்க வைக்க வேண்டும்.

கொதிக்க வைப்பது எல்லாவற்றையும்விட நம்பகமானது. குளோரினுக்கு அசையாத சில ஒட்டுண்ணிகள்கூட இதில் சாகும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும். உதகை மாதிரி 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்றால் மூன்று நிமிடம். வேளச்சேரியில் அந்தக் கவலை இல்லை. அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆறவிடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, வெதுவெதுப்பாக வேண்டுமென்று அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அப்படி ஊற்றினால் காய்ச்சியதே வீண். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்காவது ஒரு கேஸ் சிலிண்டருக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சம்ப் விஷயத்தில் ஒன்றே ஒன்று முக்கியம். புயல் எச்சரிக்கை வந்ததும் மேல் தொட்டியை நிரப்பி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். தெருவில் தண்ணீர் ஏறி சம்ப் மூடியைத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு கரண்ட் வந்தாலும் மோட்டாரைப் போடக் கூடாது. போட்டால் கீழே இருக்கும் சாக்கடை மேலே ஏறும், உங்கள் வீட்டுக்கு மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் போய்விடும். வாடகை வீடு என்பதால் உரிமையாளரிடமும் கீழ்வீட்டுக்காரர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் சுவிட்சைத் தட்டினால் மொத்தக் கட்டடத்துக்கும் பேதிதான்.

வெள்ளம் வடிந்ததும் சம்பை முழுக்க இறைத்து, சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும். புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகும் சில நாள் குடிப்பதற்குக் காய்ச்சியதுதான். உங்கள் வீட்டு ஆண்கள் யாரும் தாங்களே உள்ளே இறங்க வேண்டாம். மூடிக் கிடந்த சம்ப்பில் இறங்கி மூச்சுத்திணறி இறப்பவர்களைப் பற்றிய செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. மோட்டார் வயரால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு.

மாமியாருக்கு: வீட்டில் 120 லிட்டர் இருந்தாலும் அவருக்கு டாக்டர் சொன்ன அளவுதான். ஒரு பாட்டிலில் காலையிலேயே அளந்து ஊற்றித் தனியாக வைத்துவிடுங்கள். காபி, மோர், ரசம் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். வெள்ள நாட்களில் தண்ணீருக்குப் பதிலாக இளநீர் கிடைக்கும், உடம்புக்கு நல்லது என்று அன்போடு நீட்டுவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும், ஆகவே அவருக்கு வேண்டாம். வாந்தி, பேதி வந்தால் சில சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எவை என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால், புயல் அறிவிப்பு வந்த அன்றே மையத்தைக் கூப்பிட்டு முறையை முன்கூட்டியே செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும்.

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்தாதீர்கள், உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர்ப் பஞ்சத்திலும் கலப்படமாகாதது அது ஒன்றுதான். நீங்கள் போதிய அளவு தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும். பவுடர் பால் என்றால், காய்ச்சிய தண்ணீர் நன்றாகச் சூடாக இருக்கும்போதே, அதாவது 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், கலக்கி, பிறகு ஆற்றிக் கொடுங்கள். கலக்கி இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலைக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும்போது பால் பாட்டிலை ஒழுங்காகக் கழுவவே முடியாது. சிறிய டம்ளரும் ஸ்பூனும் போதும், பாலாடை இருந்தால் இன்னும் நல்லது. கொதிநீரில் போட்டு எடுத்துவிடலாம்.

புழங்கும் தண்ணீர் வாளிகளையும் டிரம்களையும் கொசு நுழையாமல் மூடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

எங்களிடம் கூட்டம் சேர்வது பெரும்பாலும் தண்ணீர் வடிந்த பிறகுதான். பேதி ஓரிரு நாளில் தெரிந்துவிடும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம், மஞ்சள்காமாலை ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அதனால் தெரு காய்ந்துவிட்டதே என்று காய்ச்சுவதை உடனே விட்டுவிடாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் நாலைந்து வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மாமியாருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்க வேண்டாம். குழந்தைக்குக் கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பால் குடிக்க மறுத்து வாடிக் கிடந்தாலோ, மழை விடட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.