கோழித் தொடைக் குழாயில் பின்சுவரும் சேர்ந்து தைபடுகிறதே – பதில்

வணக்கம் டாக்டர். கடலூரில் வீட்டிலேயே நுண்ணோக்கி வைத்து, வெட்டிய ரத்தக்குழாயின் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கக் கோழித் தொடைக் குழாயில் பழகுவதாகவும், நான்காவது தையலில் கை நடுங்கி, முன்சுவரோடு எதிரே உள்ள பின்சுவரும் ஊசியில் சேர்ந்து மாட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. நுண்ணோக்கி அதையும் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். முழங்கையிலிருந்து சுண்டுவிரல் ஓரம் வரை மேசையில் பதியட்டும், மணிக்கட்டுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். விரல் மட்டும் அசைந்தால் போதும்.

பின்சுவர் சிக்கல் வேறு. முதல் இரண்டு தையலையும் நேர் எதிரெதிராகப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குழாயின் வட்ட வாயில் 120 பாகை இடைவெளியில் போட்டுப் பாருங்கள், பின்சுவர் தானே தொய்ந்து விலகும். முன்பக்கத்தின் கடைசி இரண்டு நூல்களை முடிச்சிடாமல் விட்டு, உள்ளே பார்த்துவிட்டு அப்புறம் கட்டுங்கள். முடிந்ததும் குழாயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். தைத்ததை விட இப்படி வெட்டிப் பார்த்ததில்தான் நான் அதிகம் கற்றேன்.

மூன்று தையலால் குழாய் வாயை முக்கோணமாக இழுத்துப் பிடிக்கும் முறையைத் தந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெல் (1912 நோபல்), லியோன் நகரப் பூத்தையல்காரி ஒருவரிடம் ஊசி பழகியவர். எங்கள் புதுச்சேரியில் ரொமேன் ரோலன் தெருவில் குளூனி பூத்தையல் கூடம் இருக்கிறது. ஒருநாள் வந்து அந்தப் பெண்கள் நூல் இழுக்கும் நிதானத்தைப் பாருங்கள்.

1 மி.மீ. குழாய்க்கு 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூல் சரி. பெரிய குழாய்க்கு அதைவிடச் சற்றுத் தடித்த 9-0 போதும். கறிக்கடையில் தொடையை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள்.