பூ கிடைக்காத மார்ச் 5

கே: சோவியத் தலைவர் ஸ்டாலினும் ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவும் இறந்தது ஒரே நாளிலா? (வாசகர், கும்பகோணம்)

ப: ஆமாம். 1953 மார்ச் 5, ஒரே இரவு. புரோகோஃபியெவுக்கு 61 வயது. வீடு மாஸ்கோவின் நடுவில். ஸ்டாலின் உடலை வைத்திருந்த தூண் மண்டபம் அங்கிருந்து கூப்பிடு தூரம். தெரு முழுக்க ஜனம். பிண வண்டி வீட்டருகே வர வழியே இல்லை. பெட்டியைக் கையால் சுமந்துதான் கொண்டுபோனார்கள். ஊரில் இருந்த பூவெல்லாம் ஸ்டாலினுக்குப் போய்விட்டது; இவர் பெட்டிமேல் வைக்கப் பூ கிடைக்கவில்லை. அஞ்சலிக்கு வந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். இன்னொரு பெரிய ரஷ்ய இசையமைப்பாளரான ஷோஸ்டகோவிச் வந்திருந்தார்.

அந்நாட்டின் முக்கியமான இசைப் பத்திரிகை முதல் 115 பக்கங்களையும் ஸ்டாலினுக்கு ஒதுக்கியது. இசையமைப்பாளரின் சாவுச் செய்தி 116ஆம் பக்கத்தில், சின்னதாக. எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். இசைக்கென்றே நடந்த பத்திரிகை அது!

1948இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியே தீர்மானம் போட்டு இவரையும் ஷோஸ்டகோவிச்சையும் கண்டித்தது. சில படைப்புகளுக்குத் தடையும் வந்தது. அதே மாதம் இவருடைய முதல் மனைவி லீனாவைக் கைது செய்தார்கள். இவர் இறந்தபோது அவர் கைதிகள் முகாமில் இருந்தார். சேதி அவர் காதுக்கு எட்டச் சில மாதங்கள் ஆயின.

கே: அவர் இசையில் எதை முதலில் கேட்கலாம்? (அதே வாசகர்)

ப: வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக் கதை. பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஹார்ன் (சுருண்ட பித்தளை ஊதுகருவி). எது யார் என்று சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

உங்களுக்காகக் கேட்பதென்றால், 1946இல் எழுதி முடித்த முதல் வயலின் சொனாட்டா, அதாவது வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் பல பகுதிப் படைப்பு. நானும் வயலின் கற்றவன், அதனால் சொல்கிறேன்: முதல் பகுதியின் கடைசியைக் கவனியுங்கள். வயலினின் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் கட்டை) ஒலியை அடக்கும் மியூட்டை மாட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் மேலும் கீழுமாகச் சுரவரிசைகள் ஓடும். கீழே பியானோ மெதுவாக, கனமாக நடக்கும். ‘இடுகாட்டில் வீசும் காற்று மாதிரி இருக்கவேண்டும்’ என்று புரோகோஃபியெவே வயலின் மேதை ஒய்ஸ்ட்ராக்கிடம் சொல்லியிருக்கிறார்.

ஏழு வருஷம் கழித்து அவருடைய அஞ்சலியில் ஒய்ஸ்ட்ராக் வாசித்தது அந்த முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும்தான். ஒவ்வொரு மார்ச் 5 இரவும் விளக்கை அணைத்துவிட்டு அந்த முதல் பகுதியைப் போட்டுக் கேட்பேன்.