டாலிதான் முதல் குளோனா? உங்க செமினார் டவுட்டுக்கு

ப்ரோ, டாலிங்கிற செம்மறி ஆட்ட "உலகின் முதல் குளோன் விலங்கு டாலி"ன்னு ஸ்லைடு போட்டதுக்கு மேடம் திட்டினாங்கன்னு எழுதிருக்கீங்க, அவங்க சொன்னது கரெக்ட்டுதான். (குளோன்னா ஒரு உயிரோட செல்லுல இருந்து உருவாக்கின அதோட மரபணு நகல்.) 1952லயே அமெரிக்கால பிரிக்ஸ், கிங்னு ரெண்டு விஞ்ஞானிங்க தவளைக் கருவோட செல்லுல இருந்து நியூக்ளியஸ (மரபணு இருக்கற உட்கரு) எடுத்து, நியூக்ளியஸ் நீக்கின முட்டைக்குள்ள வச்சு தலைப்பிரட்டை வரைக்கும் வளத்துட்டாங்க, அப்புறம் ஜான் கர்டன்ங்கிற விஞ்ஞானி தலைப்பிரட்டையோட குடல் செல்ல வச்சே அத செஞ்சு காட்டி 1962ல பேப்பர் போட்டாரு, நோபல் வந்தது 2012ல, அம்பது வருஷம் கழிச்சு! செம்மறி ஆடும் 80கள்லயே கரு செல்லுல இருந்து வந்தாச்சு.

டாலி (1996, ஸ்காட்லாந்து, ரோஸ்லின் ஆய்வு நிலையம்) ஏன் ஸ்பெஷல்னா, வளந்த ஆட்டோட மடி செல்லுல இருந்து பொறந்த முதல் பாலூட்டி, 277 முட்டைல தேறினது அது ஒன்னுதான். ஸ்லைட அப்படி மாத்திடுங்க.

"குளோன்ங்கிறதால சீக்கிரம் செத்துச்சு"ன்னு இருக்கே, அதையும் தூக்கிடுங்க. டாலிக்கு வந்தது வைரஸால வர்ற நுரையீரல் கட்டி, அங்க இருந்த மத்த ஆடுகளுக்கும் வந்திருக்கு, 2003 பிப்ரவரில கருணைக்கொலை பண்ணாங்க. டாலிக்கு எடுத்த அதே மடி செல் தொகுப்புல இருந்து வந்த நாலு குளோன் ஆடுங்க வயசானப்பவும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு 2016ல பேப்பரே வந்திருக்கு, மேடம் கேட்டா இத சொல்லுங்க.