முழங்கை அறுவைக்குப் பின் நாயின் நடை தேறுகிறதா? அளப்பது எப்படி?

முன்னங்கால் முழங்கை மூட்டில் உடைந்த எலும்புத் துணுக்கை எடுத்த லாப்ரடாருக்கான கேள்வி இது. "நன்றாக நடக்கிற மாதிரி இருக்கிறது" என்பது போதாது, எண் வேண்டும்.

நிற்கும் நாயின் எடையில் சுமார் 60% முன்னங்கால்களில் இறங்கும். ஒரே மாதிரி இரண்டு டிஜிட்டல் எடை மெஷின்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முன்னங்காலை நிறுத்துங்கள். பின்னங்கால்கள் அதே உயரப் பலகையில் இருக்கட்டும். 30 கிலோ நாய்க்கு இரண்டிலும் 9 கிலோ அளவில் வரவேண்டும். 7, 11 என்று வந்தால் ஒரு காலைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பிஸ்கட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பினாலே எடை சாய்ந்துவிடும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

மருத்துவமனையில் ஃபோர்ஸ் பிளேட் (கால் ஊன்றும் விசையை அளக்கும் தரைத் தகடு) மீது ஓடவைத்து அளப்பார்கள். வேகம் கூடினால் விசையும் கூடும், ஆகவே ஒவ்வொரு வருகையிலும் ஒரே வேகம் அவசியம்.

இடது வலது ஒப்பீட்டில் ஒரு பெரிய சிக்கல் உண்டு: இப்படித் துணுக்கு உடைய வைக்கும் மூட்டு வளர்ச்சிக் கோளாறு (எல்போ டிஸ்பிளேசியா) அடிக்கடி இரு முழங்கைகளிலும் வரும். இரண்டும் வலித்தால் எண்கள் சமமாகவே காட்டும். அப்போது எடை பின்னங்கால்களுக்குச் சாயும்; அதனால் உடல் எடையில் முன்னங்கால்களின் மொத்தப் பங்கையும் குறித்துவையுங்கள்.

ஸ்லோமோஷன் வீடியோவில், வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே எழும். வலி மாத்திரை கொடுத்த நேரத்தையும் எழுதுங்கள். அளப்பதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.