ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் த்ராட்டில் பாடியைத்தான் மாற்ற வேண்டுமா?

பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் என்ஜின் விளக்கு எரிந்து, எவ்வளவு மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை என்றும், மெக்கானிக் த்ராட்டில் பாடியையே (என்ஜினுக்குள் செல்லும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்றச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து உடனே மாற்றிவிடாதீர்கள்.

மின்னணு த்ராட்டில் உள்ள வண்டிகளில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் மிதித்த அளவை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரிவிக்க, அது மோட்டார் மூலம் தகட்டைத் திறக்கிறது, தகடு உண்மையில் எவ்வளவு திறந்தது என்பதை வேறு இரண்டு சென்சார்கள் திருப்பிச் சொல்கின்றன. ஒரு ஜோடிக்குள் கணக்கு ஒத்துவராவிட்டால், வண்டி கட்டுமீறிப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஈசியூ தானே வேகத்தை மட்டுப்படுத்திவிடும். உங்களுக்கு நேர்ந்தது இதுவே என்று கருதுகிறேன்.

முதலில் ஸ்கேனரில் ஈசியூ பதிந்துவைத்திருக்கும் பிழைக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பி2138 பெடல் சென்சார்களின் முரண்பாட்டைக் குறிப்பது. அதற்குத் த்ராட்டில் பாடியை மாற்றுவது வீண் செலவு. பி2135 வந்தால் அது பொதுவாகத் த்ராட்டில் பக்கம்தான் என்றாலும், பேட்டரி, எர்த், 5 வோல்ட் சப்ளை ஆகியவற்றையும், மழைநீர் புகுந்து கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் சோதித்த பின்னரே பாகத்தின் மேல் பழி போட வேண்டும். ஸ்கேனரில் சென்சார் அளவுகளை உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்துவைத்து வயரிங்கை மெல்ல அசைக்கும்போது அளவுகள் துள்ளினால், கோளாறு பெரும்பாலும் வயரிலோ கனெக்டரிலோதான்.

த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்வதானால், இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவே கூடாது. மோட்டார் சட்டென மூடி விரலை நசுக்கிவிடும்.